ஊருக்குப் போகிறவரின் மூட்டை

என் கண்ணான அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு பெரியவரின் துணிமூட்டையை அவிழ்த்தேன். முனுசாமி ஐயா, கெடார்க்காரர். திண்டிவனத்தில் நான் பொறுப்பில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வந்து நான்கு மாதமாகிறது. விடிந்ததும் விடியாததுமாக மூட்டையோடு கேட்டருகே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இரண்டு வேட்டி, ஒரு சீப்பு, பேரனுக்கென்று ஒரு பிடி வறுத்த மல்லாட்டைக் கடலை.

"பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா? மவன் வர்றானா, நானே போய்க்கணுமா?"

வயிற்றில் கட்டி. பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் நேற்று என்னிடம் சொன்னார். ஐயாவுக்குத் தெரியாது.

யாருக்காவது முடியப்போகிறது என்றால் இங்கே ஆயாக்கள் 'ஊருக்குப் போறாங்க' என்பார்கள். நேற்று அஞ்சலை ஆயா அவரைப் பற்றி அப்படிச் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. "நானா ஊருக்குப் போறேன்?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

இப்படி ஆகக்கூடாதென்றுதானே புதன்கிழமைதோறும் ஆயாக்களை உட்காரவைத்துப் பேசுகிறேன்? கேட்கிறவரிடம் பொய் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. போன வாரம் அஞ்சலையை நோயாளி மாதிரிப் படுக்கவைத்து இன்னொருத்தியைப் பேசச் சொன்னேன். அஞ்சலை துள்ளி எழுந்தாள். "நல்லா கீற என்னப் படுக்க வெச்சு சாவைப் பத்திப் பேசச் சொல்றீங்களே, உங்க வாயில வசம்ப வெச்சுத் தேய்க்கணும்மா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்று கேட்டருகே அவள் சிரிக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா. எப்படிச் சொல்றதுன்னு பாத்துக் கத்துக்கறேன்."

ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். பிறகு என் வாய் தானாகச் சொன்னது: "முதல்ல கஞ்சி குடிங்க ஐயா. பஸ்ஸை அப்புறம் பாத்துக்கலாம்."

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் "நான் பொழைக்க மாட்டேனாடி?" என்று நீ கேட்டபோதும் இதைத்தானே சொன்னேன்? "முதல்ல கஞ்சியைக் குடிக்கா." நீ குடித்தாய். அதன்பின் மூன்று நாள் இருந்தாய், ஒன்றுமே கேட்கவில்லை. மேல்மலையனூரில் கட்டிக்கொடுத்த உன் மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை உடனே வரச்சொல் என்று கேட்க நினைத்தாயா? என் முகத்திலிருந்த பயத்தைப் பார்த்து விட்டுவிட்டாயா?

ஐயாவின் கிண்ணத்தில் ஸ்பூன் படும் சத்தம் கேட்கிறது. இன்னும் பாதிக் கஞ்சி இருக்கும்.

சாவுப் பேச்சே இங்கே கூடாது என்று நிர்வாகத் தலைவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை இந்த வேலை எனக்கு இருக்காது. ஆனாலும் ஐயா கை கழுவியதும் உள்ளதைச் சொல்லப்போகிறேன். அஞ்சலையும் கூட இருக்கட்டும். கேட்ட பிறகும் அவர் ஊருக்குத்தான் போகவேண்டும் என்றால், யாரையும் கேட்காமல் இன்றைக்கே நானே கெடாருக்குக் கூட்டிப்போவேன். யாருக்கும் இது தெரியாது. அவிழ்த்த மூட்டையை மட்டும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறேன்.

இனி எவர் கேள்வியையும் கஞ்சியால் அடைக்க மாட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்