மேல் லயத்துக்கு ஒரு வண்டி

மேல் டிவிஷன்,
மடுல்சீமை.
16.02.2025

அன்புள்ள கலாவுக்கு,

இங்கே நானும் மாமாவும் சுகம். கட்டுநாயக்கா கார்மெண்ட் வேலைக்குப் போனதிலிருந்து உன்னைப் பிடித்த இருமல் விட்டதா? போனில் கேட்கலாம்தான். ஆனால் சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் மட்டும். அங்கே நின்று பேசினால் நான் கொஞ்சுவதும் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும், நீ ஏசுவதும் கேட்கும். நமக்குக் கடிதம்தான் தோது.

விசேஷம் என்னவென்றால், நம்ம பிக்கப்புக்கு எஞ்சின் வந்துவிட்டது! பதுளையில் ஸனூஸ் நானா கடையில் சொல்லி வைத்திருந்தேனே, அந்த டீசல் எஞ்சின். ஜப்பானில் யாருடைய வண்டியிலோ ஓடிக் களைத்து வந்ததுதான், ஆனாலும் கல் மாதிரி இருக்கிறது. லொறியில் லுணுகலைக்கு வந்ததை அங்கிருந்து ட்ரக்டரில் ஏற்றி வந்தோம். நம்ம ரோட்டுக் குழிகளில் அது ஆடிக்கொண்டு வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்றுப் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றினோம். வாசலில் சவுக்கு மரங்களை முக்காலி மாதிரிக் கட்டி, செயின் புளொக் மாட்டித் தூக்கினோம். லயத்து ஆம்பிளைகள் எல்லாரும் கை கொடுத்தார்கள். இப்போது பிக்கப்பின் முன்பக்கம் பல் பிடுங்கின வாய் மாதிரி இருக்கிறது. புது எஞ்சின் நீளம் கூட, பாரமும் கூட. ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டும். எஞ்சின் உட்காருகிற தாங்கிகளை வெட்டி, வேறு இடத்தில் வெல்டிங் பிடிக்க வேண்டும். கராஜில் விடச் சொன்னாய். மறக்கவில்லை. ஆனால் கராஜ் வேலை பார்த்த நானே என் வண்டியை வேறொருவன் கையில் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

மாமா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்க்கிறார். என் வண்டியில் ஒரு நாளும் ஏறாத மனிதர். எனக்கு உன்னைக் கட்டிக் கொடுத்ததில் அவர் மனம் இன்னும் முழுசாக ஆறவில்லை என்று உனக்கும் தெரியும். நேற்று அவராகவே வாய் திறந்து, "போல்ட்டையெல்லாம் கலக்காம வை" என்றார். எனக்கு ஆசீர்வாதம் வாங்கின மாதிரி இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நினைப்பாகவே இருக்கும்
புவனேந்திரன்

*

கட்டுநாயக்கா
27.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் கிரீஸ் கறை. ஹொஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். என் புருஷன் தானே வண்டிக்கு எஞ்சின் மாற்றுகிறார் என்றேன். பக்கத்து மிஷின் நிரோஷா, "அப்போ இஞ்சினியரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். சொல்லும்போது இனிப்பாக இருந்தது.

இருமல் விட்டுவிட்டது. இங்கே வெக்கைதான் தாங்கவில்லை. நம்ம மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற தண்ணீரில் ஒரு தடவை தலையைக் கொடுத்தால் போதும் போலிருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு குறை. எஞ்சினைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அப்பாவுடைய சீனி வருத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா? கேட்டால் "ஆமா ஆமா" என்பார். நம்பாதீர்கள். கையில் கொடுத்து, விழுங்கும் வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள். அவர் யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டார். நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. வண்டி ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் ஆட்களை ஏற்றிவிடாதீர்கள். ஸனூஸ் நானா வந்து பார்த்துச் சரி சொல்லட்டும். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

அன்பை அனுப்பும்
கலாராணி

*

மேல் டிவிஷன்
25.03.2025

அன்புள்ள கலா,

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. முதலில் கரும்புகை கக்கி, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. லயமே கை தட்டியது.

இன்னொரு செய்தி. பயப்படாதே. மாமா பீலிக்குப் போகிற படியில் வழுக்கி விழுந்துவிட்டார். காலில் அடி. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நல்லா இருக்கிறார். சாப்பாடு நாங்கள் கொடுத்தனுப்புகிறோம். நீ லீவு போட்டு அலைய வேண்டாம், திருவிழாவுக்கு வந்தால் போதும்.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இன்னும் சின்னச் சின்ன வேலை இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

புவனேந்திரன்

*

கட்டுநாயக்கா
03.04.2025

அத்தானுக்கு,

அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரர் போனில் அப்பாவோடு பேசினேன். "படியில வழுக்கிட்டேம்மா" என்றார். பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்காவுக்குப் போன் எடுத்தேன். "படியில வழுக்கிட்டாரும்மா" என்றார். நீங்கள் எழுதியதும் அதுவே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடமாக்கின மாதிரி எல்லாரும் ஒரே வார்த்தை.

பிறகு வார்டுக்கே எடுத்து நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். அப்பாவின் நசுங்கிப்போன வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார். என் சத்தம் நின்றதும்தான் அவருக்கு விளங்கியது.

படியில் வழுக்கினவருக்குப் பாதம் நசுங்குமா? ஆசையாகப் பூட்டின எஞ்சினை நீங்கள் ஏன் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள்?

என்ன நடந்தது? நீங்களே எழுதுங்கள்.

கலாராணி

*

மேல் டிவிஷன்
10.04.2025

கலா,

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து போய், திரும்ப உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது அது இழுக்கிற காற்றில்தான் பிரேக்குக்குப் பலம் வரும். டீசலுக்கு அது கிடையாது. அதற்கென்று ஒரு பம்ப் தனியாகப் பூட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. ஸனூஸ் நானாவும் எஞ்சினை ஏற்றிவிடும்போதே சொன்னார்: "தம்பி, பம்ப் கொழும்புலருந்து வரணும். அது பூட்டாம வாசலைத் தாண்டாத. பெடல் கல்லு மாதிரி நிக்கும்." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் பிடித்ததும் எல்லாரும் கூடிவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ சொன்னது: "பொண்டாட்டி கார்மெண்ட்டுல நிக்கிறா, புருஷன் வாசல்ல வண்டிய வச்சிப் பூசை பண்றான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "ஏறுங்க, மடுவம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

பொம்பிளைகளும் பிள்ளைகளும் ஏறினார்கள். அப்போது மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்து, தானாகப் பின்னால் ஏறினார். கலா, அவர் ஏறின பிறகு "இறங்குங்க மாமா, பிரேக் இன்னும் சரியில்ல" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. பெடலில் ஏறி நின்று மிதித்தேன். பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் இன்னும் பூட்டவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. கீழே வளைவில் பீலித் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். மாமா ஒரு காலத்தில் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்து, சில்லுக்குக் கட்டை போட்டுப் பழகினவர்தானே. பின்னால் கிடந்த கட்டையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் குதித்து, பின் சக்கரத்துச் சில்லுக்கு முன்னால் போட்டார். சில்லு கட்டையில் ஏறி, ஒரு பக்கமாகச் சறுக்கி நின்றது. அவருடைய பாதம் சில்லுக்கும் ரோட்டோரத்துக் கான் கல்லுக்கும் நடுவில் இருந்தது.

வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரே எல்லாரையும் கூப்பிட்டு, "படியில வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான்" என்றார். பொலிஸ் வந்து கேட்டபோது லயமே அதைச் சொன்னது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாப்பாட்டைக் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வார்டுக்குள் போக என் கால் வரவில்லை. லயத்தில் யாரும் என்னைக் குற்றம் சொல்வதில்லை. இராக்கம்மா அக்கா ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். நான் அதைத் தொடுவதில்லை.

புவனேந்திரன்

*

கட்டுநாயக்கா
24.04.2025

என் அப்பாவின் மருமகனுக்கு,

திருவிழாவுக்கு நான் வரவில்லை. ஆனால் பதுளைக்கு வந்தேன். அப்பாவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

உங்களையும் பார்த்தேன். நீங்கள் கேட்டில் சாப்பாட்டுப் பொதியைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைக் கடந்தீர்கள். மெலிந்துவிட்டீர்கள். சேர்ட்டைத் திருப்பிப் போட்டிருந்தீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.

பிரேக் பிடிக்காமல் போனதற்கு அழுதுவிட்டு விட்டிருப்பேன். பெருமைக்கு ஆசைப்பட்டதைக்கூட என்னால் விளங்கிக்கொள்ள முடியும். நானும்தானே உங்களை இஞ்சினியர் என்று சொல்லித் திரிந்தேன். லயமும் அப்பாவும் சொன்ன பொய் பொலிசுக்காக. நீங்கள் சொன்னது எனக்கு. என் அப்பாவுக்குக் கால் இல்லை என்பதை முகம் தெரியாத ஒரு மிஸ்ஸிடமிருந்து நான் கேட்டேன். மிஷினுக்கு முன்னால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க.

அடுத்த மாதத் தொடக்கத்தில் துண்டு வெட்டி அப்பாவை வீட்டுக்கு அனுப்புவார்கள். சித்தப்பா நமுனுகுலையிலிருந்து வேன் கொண்டுவருவதாகச் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "வேன் மேல் லயத்துக்கு ஏறாது. மருமகன் வண்டியில வாறேன்" என்கிறார். எப்படி அப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அந்த மனது இல்லை.

கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு இப்போது வேறொன்றும் எழுத வரவில்லை.

கலாராணி

*

மேல் டிவிஷன்
20.05.2025

கலாவுக்கு,

ஸனூஸ் நானா தானே இங்கே வந்து பம்பைப் பூட்டினார். ஹேண்ட் பிரேக்கையும் கட்டினார். ஆளில்லாத வண்டியில் மணல் மூட்டை ஏற்றி, அந்த இறக்கத்தில் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தார். எல்லாம் முடித்துக் கை கழுவும்போது, "பம்ப் கைக்கு வந்த பொறகுதான் நான் எஞ்சினக் குடுத்திருக்கணும்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லக்கூட அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துண்டு வெட்டின அன்றைக்கு வார்டுக்குள் போனேன். மாமா என்னைக் கண்டதும், "சாரத்தை எடுத்துக் கட்டிவிடு, போவோம்" என்றார். அவ்வளவுதான். தூக்கி முன் சீட்டில் வைத்தேன். எவ்வளவு பாரமில்லாமல் போய்விட்டார், கலா.

மடுல்சீமையைத் தாண்டினோம். அந்த வளைவு வந்தது. வண்டியை நிப்பாட்டிவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டின?"

"இந்த எடம் மாமா."

"தெரியும். எனக்குக் காலுதான் போச்சு. கண்ணு இருக்கு."

"ஆளுங்களக் கூப்பிட்டுக் கதிரையில தூக்கிட்டுப் போகச் சொல்லவா? நீங்க இறங்கி..."

"நான் இறங்க மாட்டேன். இறங்கவும் முடியாது. ஓட்டு."

ஓட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, பொலிசுக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். மாமா தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"ஒன்னக் காப்பாத்தச் சொன்னேன்னு நெனைக்காத. எனக்குக் கால் இல்ல, நீயும் உள்ள போயிட்டா எம் புள்ள யாரைன்னு பார்க்கும்? அதுக்குத்தான். நான் போன்ல அதையே சொன்னது வார்டுல ஆளு கேக்கும்னு. ஆனா நீ கலாகிட்ட ஏன் மறைச்ச? அவகிட்ட மறைக்கணும்னு நான் சொல்லலையே."

உன் முன்னால் படுகிற வெட்கம்தான் மற்ற எல்லா வெட்கத்தையும்விடப் பெரிசாக இருந்தது, அதனால்தான் மறைத்தேன் என்று சொன்னால், அது உன்னிடம் சொல்லக்கூடிய காரணமா? அதையும் அவரிடம் சொல்ல முடியவில்லை. கியரைப் போட்டு மேலே ஏறினேன்.

இப்போது அவரை நான்தான் பார்க்கிறேன். குளிப்பாட்டி, கழுவி, துணி மாற்றி எல்லாம். கழுவும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன்.

நீ வருவாயா, வர மாட்டாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் உனக்குத் தெரிய வேண்டியிருக்கும். நல்லா இருக்கிறார் என்று எழுதத்தான் கை ஓடுகிறது. நல்லா இல்லை, கலா. புண் ஒரு ஓரத்தில் கறுக்கிறது. சீனி இறங்கவில்லை. கிளினிக்கில் காட்டினேன். புதன்கிழமை வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். முழங்காலுக்குக் கிட்ட இன்னொரு தடவை வெட்ட வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்னார். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். பிறகு வெற்றிலை கேட்டார்.

நாளை புதன். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். நான்தான் ஓட்டுகிறேன்.

புவனேந்திரன்