ஒன்றரை அடி நிலம்

என் வீட்டுக்காரருக்கு,

நலம் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. எல்லோரும் இருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் சளி குறைந்ததா? அங்கே கொடுக்கிற மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

நீங்கள் குற்றவாளி என்று கோர்ட்டில் படித்ததைக் கேட்டுவிட்டு அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. வியாழக்கிழமை, எத்தனை வருஷம் என்று சொல்வார்களாம். அதற்கு முன்னால், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி உங்களைக் கேட்பாராம். புரோக்கர் என்னையும் ஏமாற்றிவிட்டான், பத்திரம் எழுதிக் கொடுத்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, அம்மா படுத்த படுக்கை என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல். அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேறு கேட்கிறார். அத்தையிடம் சொன்னேன். மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தவர், என்னைப் படுக்கப் போட்டுத்தான் அவன் எழுந்து வரணுமா என்று கேட்டுவிட்டு மீதிப் படியையும் கழுவினார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மனையை வாங்கி ஏமாந்த தையல்காரர், தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் நல்லதாம். எந்த முகத்தோடு போவது? மூன்று நாள் தள்ளிப்போட்டுவிட்டு நேற்று போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அவர் மிஷினை நிறுத்தாமலே, உட்காருங்கம்மா என்றார். கையில் இருந்த காலரைத் தைத்து முடித்தார்.

பிறகு சொன்னார். மனையைத் தன் தையல் டேப்பாலேயே அளந்து பார்த்தாராம். பத்திரத்தில் எழுதியிருந்ததைவிட ஒன்றரை அடி குறைந்ததாம். உங்களிடம் வந்து சொன்னதும், முகம் சுளிக்காமல் பத்திரத்தை முழுதாகத் திரும்ப எழுதி, வரிவரியாகப் படித்துக் காட்டினீர்களாம். ஒன்றரை அடிக்கே இவ்வளவு பார்க்கிற மனுஷன் மோசம் பண்ணுவாரா என்று நம்பி, வேறு எங்கேயும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டாராம். நிஜ மனைக்காரர் வந்து அஸ்திவாரத்தை இடித்தபோதுகூட உங்களிடம்தான் நியாயம் கேட்க ஓடி வந்தாராம்.

அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்து, தையல்காரர் மனைக்கு அளவெடுத்துவிட்டார், இனி பாக்கெட் வைக்க வேண்டியதுதான் பாக்கி என்றீர்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேனே! நேற்று அவர் எதிரில் அது நினைவுக்கு வந்ததும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த நிஜ மனைக்காரர் மனையை வாங்கியபோது பத்திரம் எழுதியதே நீங்கள்தான். புரோக்கர் வேறு ஒருவனை மனைக்காரன் என்று கொண்டுவந்து நிறுத்தியபோது முகம் தெரியாமலா இருந்திருக்கும்? யாரை ஏமாற்றினாலும் என்னை ஏமாற்றாதீர்கள்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டார். நிபந்தனை ஒன்றும் போடவில்லை. தெரிந்துதான் செய்தாரா என்று மட்டும் அவர் வாயால் கேட்கணும், வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு வருகிறேன் என்றார்.

நீங்கள் ஒத்துக்கொண்டால் அப்பீல் நிற்காது, ரெண்டு வருஷம் கூடினாலும் கூடும் என்று வக்கீல் பயமுறுத்துகிறார். எனக்கும் பயம்தான். பிள்ளைகள், அத்தை, கோர்ட் என்று ஒண்டியாக அலைந்து அலுத்துவிட்டது. நாளைக்கே வந்துவிட மாட்டீர்களா என்று இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து, தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தால் கதவைத் திறந்துவிடுவேன், வேறென்ன செய்வேன். உண்மையைச் சொல்லிவிட்டு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், ஜெயில் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போவேன்.

உங்களையே நம்பி வந்தவள்