பையைப் பார்த்துக்கொண்டவள்

மார்ச் 2

குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. துணி துவைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது.

மருமகள் வந்து, "அத்தை, ஞாயித்துக்கிழமை குகைக்குப் போலாமா? சின்னத்தையும் வர்றாங்க" என்றாள். சின்னத்தை என்றால் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை.

அதே குகை. கல்யாணமான புதுசில் எல்லாரும் போனோம். பள்ளத்தாக்கின் அடியில் வேன் நின்றதும் இந்த நாத்தனார் என் மடியில் பைகளை அடுக்கினாள். "அண்ணி, உங்களுக்கு மூச்சு வாங்கும். நீங்க பையைப் பாத்துக்குங்க." தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறியவள் நான். எனக்கா மூச்சு வாங்கும்? அவர் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வரை வேனில் உட்கார்ந்திருந்தேன். நீலப் பைக்கு ஜிப் உடைந்திருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

இறங்கி வந்தவள் சொன்னாள்: "உள்ள பூரா குனிஞ்சேதான் போகணும் அண்ணி. இடுப்பே கழண்டு போச்சு. நல்லவேளை நீங்க வரல." அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்திலும் இந்த இடுப்புக் கதைதான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5

மருமகளின் பழைய ஷூ. இரண்டு சாக்ஸ் போட்டால் பொருந்துகிறது. மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன். "எதுக்கும்மா இந்த வயசுல வீம்பு?" என்றான் மகன். வீம்புதான். வேறெதற்கு?

மார்ச் 8

ஏறிட்டேன்!

வழி என்று பெயர்தான். எல்லாம் பாறை, காய்ந்த ஓடை, இரண்டு பக்கமும் செங்குத்து. அந்தச் சந்தில் காற்று புகுந்து ஆளையே தள்ளுகிறது. புடவைக்குள் மருமகளின் பேன்ட் போட்டிருந்தேன், மானம் தப்பியது. டிக்கெட் கிழிக்கிறவன், "பாட்டி, பாதியில பெஞ்ச் இருக்கு, அங்கயே உக்காந்துக்கலாம்" என்றான். உன் பாட்டியை உட்கார வை என்று மனசுக்குள் சொன்னேன்.

பெஞ்சில் உட்கார்ந்தது யார்? நாத்தனார்! ஒரு காற்று அடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. "முட்டி வலி அண்ணி. நான்தான் ஏற்கெனவே பாத்தாச்சே."

இத்தனை வருஷம் நாக்கு நுனியில் வைத்திருந்ததை எடுத்தேன். என் பையை அவள் மடியில் வைத்தேன். "அப்ப நீ பையைப் பாத்துக்கோ." காற்றில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். மருமகள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அதற்கு மேல் சில இடங்களில் தவழ்ந்தேன். ஓரிடத்தில் காற்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. "திரும்பிடலாமா அத்தை?" "நீ வேணா திரும்பு."

குகை! வாய்க்குள் ஒரு லாரி நுழையும். காலை உள்ளே வைத்ததும் காதில் அத்தனை இரைச்சலும் நின்றது. சுண்ணாம்புக்கல் கூரையிலிருந்து உருகின மெழுகுவர்த்தி மாதிரி தொங்குகிறது. நுனியில் சொட்டுச் சொட்டாக நீர். பல ஆயிரம் வருஷப் பழசாம், பலகையில் படித்தேன். நிமிர்ந்து நடந்தேன். கடைசி வரை நிமிர்ந்து —

நிமிர்ந்தா?

குனிய ஒரு இடம்கூட இல்லையே! அப்புறம் இவ இடுப்பு எங்க கழண்டுச்சு? அடிப்பாவி! அன்னைக்கும் பாதி வழியோட நின்னிருக்கா!

சிரித்தேன். குகை முழுக்க நானே சிரித்தேன். அவருக்கும் தெரிந்திருக்கும், தங்கையைக் காட்டிக்கொடுக்கவில்லை. சுவரில் இருக்கிற போட்டோவோடு பேச நிறைய இருக்கிறது.

இறங்கி வந்தால், பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். "எப்படி இருந்துச்சு அண்ணி?" என்று என் ஷூவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரியேதான். இடுப்பே கழண்டு போச்சு."



மார்ச் 9

காலை அசைக்க முடியவில்லை. ஜெயித்தவள் படுக்கலாம்.

மார்ச் 14

நாத்தனார் போன் செய்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, "அண்ணி, நான் அன்னைக்கு உள்ள போகல" என்றாள்.

"தெரியும்."

"காத்துன்னா பயம். நீங்க விறுவிறுன்னு ஏறிடுவீங்க, நான் பாதியில நின்னா சிரிப்பீங்கன்னுதான் உங்களக் கீழயே உக்கார வெச்சேன்."

"சிரிச்சிருப்பேன்."

அவளும் சிரித்தாள். மன்னிக்கவெல்லாம் இல்லை. ஆனால் கால் அளவு என்ன என்று கேட்டேன்.

மார்ச் 21

அவளுக்கு ஷூ வாங்கியாயிற்று. நாளைக் காலை மறுபடியும் குகைக்குக் கிளம்புகிறோம்.

"பையை யாரு அண்ணி பாத்துக்கறது?" என்றாள்.

பையே வேண்டாம் என்றேன்.