காய்ந்த உறைக்குள் இரண்டு மொட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நம் கேட்லியா மொட்டு விட்டிருக்கிறது. என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்தார். நீயும் பாப்பாவும் சுகமா? உன் பல்வலி தேவலையா?

நான் கிளம்பும்போது ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட ஆர்க்கிட் செடி இது. உன் பாதியைப் போலவே என் பாதியிலும் மொட்டு உறை காய்ந்துவிட்டது. ஜன்னலுக்கு மேலே தொங்கும் தொட்டியை எட்ட ஸ்டூலில் ஏறி, இனி மொட்டு வராது என்று உறையை வெட்டக் கத்தரியை வைத்தேன்.

"பொறுய்யா" என்று வெல்டரும் ஏறி உறைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். "உள்ள ரெண்டு நிழல் தெரியுது பாரு."

சந்தோஷத்தில் ஸ்டூலிலிருந்து குதித்ததில் கால் லேசாகப் பிசகியது. நடக்கிறேன், கவலைப்படாதே.

"வீட்டம்மா மாசமா இருந்தப்பகூட நீ இப்படிக் குதிச்சிருக்க மாட்ட" என்கிறார்.

மாதக் கடைசியில் உன் செடியைத் தூக்கிப்போடுவேன் என்றாயே, போட்டுவிடாதே. காய்ந்த உறைக்குள்ளும் மொட்டு வளர்கிறது. டார்ச் அடித்துப் பார். பூத்தால், பக்கத்தில் உன் கையை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பூவின் அளவு தெரிய வேண்டும். வளையலைக் கழற்ற வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. என் பாதி நான்கு வாரத்தில் பூக்கும். உன் பாதியில் நிழல் தெரிகிறதா என்பதுதான் பாக்கி. உன் பதில் வரப் பத்து நாளாகும். இன்றைக்கே எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

பாப்பாவின் அப்பா