வாயிலில் கட்டிய வாழை

1998 தை 9, வியாழன்
காலையில் பனி. தொண்டை கரகரப்பு, மிளகுப்பால். ஞாயிறன்று பூங்கொடிக்குத் திருமணம். தங்கையின் மகள். மணமகன் மஞ்சுநாத், கன்னடப் பிள்ளை, பழப்பண்ணை ஆய்வாளன். தாய்மாமன் நானே மேடையேறி நடத்திவைக்க வேண்டுமாம்.

மாலையில் நான் பேசிவரும் தமிழ் மன்றத்தின் செயலாளர் வந்தார். "ஐயா, 'கலப்பில்லாத குடி, வாழையடி வாழை'ன்னு மேடைக்கு மேடை முழங்குறீங்க. இந்தக் கல்யாணத்த நீங்களே நடத்தினா ஸ்ரீராம்புரத்துல நம்மள எவன் மதிப்பான்? வந்து சாப்பிட்டுப் போங்க. மேடை மட்டும் ஏறாதீங்க."

என் வீட்டில் அமர்ந்து எனக்கே கட்டளை! ஆயினும் சரியென்று தலையசைத்தேன். சொல் என்னுடையதாயிற்றே.

தை 10, வெள்ளி
மணமக்கள் இருவரும் வந்தனர். மேடையேற மாட்டேன் என்றேன். பூங்கொடி வெகுண்டாள்.

"காது குத்தறப்போ மடியில வச்சுக்கிட்ட மாமா, கல்யாணத்துக்கு மட்டும் கீழ உக்காருவீங்களோ?"

"கொள்கையம்மா. வாழையைப் பார். கலப்புண்டா?"

மஞ்சுநாத் சிரித்துவிட்டான். பண்ணையிலிருந்து நேரே வந்தவன். பையிலிருந்து சிறு காட்டுவாழைப்பழம் ஒன்றை நீட்டினான். "ஸ்வல்ப கடிச்சுப் பாருங்க சார்."

கடித்தேன். உள்ளே கல் கல்லாய் விதை. கடைவாய்ப்பல் ஆடிவிட்டது.

"காட்டுல எல்லாம் இப்படித்தான் சார். இது ஒரு இனம். இதுவும் இன்னொரு காட்டு இனமும் கலந்துதான் நம்ம ஏலக்கி, பூவன், மொந்தன். கலந்ததாலதான் வறட்சி தாங்குது. விதையில்லாததை மனுஷங்க கன்னு எடுத்து நட்டு நட்டுக் காப்பாத்தினாங்க. அதான் சார் உங்க வாழையடி வாழை. எலுமிச்சையும் கலப்புதான்."

"பொய்!" என்று முழங்கினேன். தெருவில் இருவர் நின்று பார்த்தனர்.

தை 11, சனி
பல்நோவு. அந்த விதை பொய்யில்லை. வாங்க: கிராம்பு, வேட்டிக்குக் கஞ்சி.
நேற்றெல்லாம் சினம் மஞ்சுநாத்மீது. இன்று திசைமாறிற்று. மொழியில் பிறசொல் கலவாமை காப்பது என் கடன், அது வேறு. ஒரு பெண்ணின் வாழ்வை அக்கோலால் அளக்கச் செயலாளர் யார்? கோலைக் கொடுத்தவன் நானோ? சீ!

தை 12, ஞாயிறு
மண்டப வாயிலில் குலைதள்ளிய வாழை இரண்டு. மேடையேறினேன். பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். செயலாளர் அதற்குள் முதற்பந்தியில். ஒலிபெருக்கி பந்திவரை எட்டும், நன்று.

"வாயிலில் நிற்பது இரு காட்டினங்கள் கூடிப் பிறந்த வாழை! அவ்வாழையடி வாழையாக இவர்கள் வாழ்க! கலப்பென்று முகம் சுளிப்போர் முதலில் உண்ணும் வாழையிலையை விட்டு எழுக!"

எவரும் எழவில்லை. செயலாளர் பரிமாறுபவனை அழைத்தார். "இன்னொரு பழம் வைப்பா. ஏலக்கியாப் பாத்து."