சர்க்கரை குறைந்த பழப்பாகு

என் குறட்டை ராஜாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நேற்று சமையலறை ஜன்னலில் மாட்டிக்கொண்டேன். தலை வெளியே, இடுப்பு உள்ளே. காற்று வாங்கத்தான் எட்டிப் பார்த்தேன். வாசல் சாவி வீட்டுக்கார மேடத்திடம் இருப்பதால் எனக்கு ஜன்னல்தான் வாசல். பாகு கொதிக்கும்போது வரும் நுரையை வழித்து வழித்துத் தின்று உடம்பு பெருத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. மேடம்தான் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"எங்க போற?"

"எங்கயும் போகல மேடம், இடுப்ப அளந்து பார்த்தேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லிவையுங்கள். திராட்சைப் பாகு காய்ச்சி முடித்ததும் நீ ஊருக்குப் போகலாம் என்றார் மேடம். அது முடிவதற்குள் பிளம்ஸ் பழம் வந்து இறங்கியது. அதையும் காய்ச்சி பாட்டிலில் அடைத்தாயிற்று. அடுத்த பழம் வருவதற்குள் இன்று காலை கேட்டேவிட்டேன்.

"மேடம், என் பாஸ்போர்ட்?"

"பத்திரமா இருக்கு. பாகு அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கேன்."

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னவர் அவர்தான். பாகு புளித்துப் பொங்கிவிடும் என்றேன், கேட்கவில்லை. மூடியை இறுக்கச் சொன்னார், இறுக்கினேன்.

அலமாரியைத் திறந்தோம். மேல் தட்டில் ஒரு பாட்டில் வெடித்திருந்தது. பாஸ்போர்ட் கீழ்த் தட்டில் இருந்தது. பாகு வழிந்து ஒட்டியதில் பக்கங்கள் பிரியவில்லை. கழுவிக் காயப்போடச் சொன்னார். கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். எறும்பு வருகிறது.

உங்கள் வாயாடி