மாற்றி வைத்த சிவப்பு ஒயர்

இன்று கிணத்துக்கடவில் ஒரு செல்போன் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கி சால்டரிங் வைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. போனை வாங்காமலே வெளியே வந்து அழுதேன். இந்த வயதில் ரோட்டில் நின்று அழுவது வெட்கமாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளில், கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலைக் கடையில் வாங்க நமக்கு ஏது வழி? நாமே செய்வதென்று முடிவானது. உன்னிடம் இரண்டு வரைபடங்கள். ஒன்றுக்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர், எங்கேயும் கிடைக்கும். மற்றதற்கு ஜெர்மானியம், பழைய ரேடியோவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், சூடேறினால் சத்தம் சொதப்பும். நான் சிலிக்கான் என்றேன். பத்து நாள் சண்டை.

"அது தகரத்தைத் தேய்க்கறாப்ல கத்தும்டா. இது பாடும். வெயில் வந்தா பாத்துக்கலாம், உடு" என்றாய்.

நீ செய்து முடித்தபோது அது உண்மையிலேயே பாடியது. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மேட்டுப்பாளையத்தில் திருவிழாக் கச்சேரி, வெயில் தாழாத நேரம். அன்று நன்றாக வாசித்தால் மெல்லிசைக் குழுவில் உனக்கு நிரந்தர இடம். நீ சாப்பிடப் போயிருந்த நேரத்தில், புது பேட்டரி போடலாமென்று பெடலைத் திறந்தேன். பேட்டரியின் சிவப்பு ஒயர் பெட்டியின் தகரத்தோடு சேர்ந்திருந்தது. அங்கே கறுப்பு அல்லவா இருக்க வேண்டும்? பயல் அவசரத்தில் மாற்றிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே, மைக் செட்காரரிடம் சால்டரிங் அயர்ன் வாங்கி இரண்டையும் இடம் மாற்றினேன். உனக்கு உதவி செய்கிறேனாம். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

மேடையில் பெடலை மிதித்தாய். சத்தமே இல்லை. "ஏனுங்க தம்பி, கிடாரு ஊமையாயிருச்சுங்களா?" என்று குழுத் தலைவர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. இறங்கி வந்த உன்னிடம், "அப்பவே சொன்னனில்ல, வெயிலுக்குத் தாங்காதுன்னு" என்றேன். நீ அதைத் திறந்துகூடப் பார்க்காமல் என் மடியில் போட்டாய்.

"நீ சொன்னதுதான் செரிடா."

மறு வாரம்தான் வரைபடத்தைப் பார்த்தேன். அந்த ஜெர்மானிய வகைக்கு பாசிட்டிவ்தான், அதாவது சிவப்பு ஒயர்தான், பெட்டியோடு சேர வேண்டும். நீ சரியாகத்தான் செய்திருந்தாய், நான்தான் கெடுத்தேன். சொல்லிவிடலாமென்று உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். கிடாரை விற்றுவிட்டு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன். அப்படியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன், பாவி.

போன மாதம் நீ போய்ச்சேர்ந்த துக்கத்துக்கு வந்தபோது உன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா கிடாரு வாசிப்பாராமாங்க. கேட்டா 'எனக்கு அது வராது கண்ணு'ன்னே சொல்லுவாருங்க. நெசமாலுமே வராதுங்களா?"

"நல்லா வாசிப்பான் அம்மணி."

"அப்பறம் ஏனுங்க உட்டுப்போட்டாரு?"

"தெரியலையே கண்ணு" என்றேன்.

தெரியும்டா. அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.